மன விலகலுக்கு உதவி: யாரிடம் முதலில் போவது, எந்தச் சிகிச்சையைத் தேர்வது

பல் துலக்கும்போது கண்ணாடியில் தெரிகிற முகம் தன்னுடையது என்று ஒருவருக்கு நன்றாகத் தெரிகிறது. ஆனால் அந்த முகத்தோடு ஒட்டவே முடியவில்லை. கை அசைகிறது, அசைப்பது தான்தான் என்ற உணர்வு வரவில்லை. இன்னொருவர் மாலையில் அலுவலகத்திலிருந்து கிளம்பியதை நினைவில் வைத்திருக்கிறார். அடுத்து அவருக்கு நினைவிருப்பது இரவு பத்து மணி. இடைப்பட்ட நேரத்தில் அவருடைய கைபேசியிலிருந்து நான்கு பேருக்குச் செய்தி போயிருக்கிறது. எழுத்து நடை அவருடையதுதான், எழுதிய நினைவு மட்டும் இல்லை. மூன்றாமவருக்கு அடிக்கடி கை கால் வெட்டி இழுக்கிறது. மூளை ஸ்கேனிலும், மூளை அலையைப் பதிவுசெய்யும் இ.இ.ஜி.யிலும் எதுவும் தென்படவில்லை என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

மூவருக்கும் இருப்பது ஒரே குடும்பத்தைச் சேர்ந்த சிக்கலாக இருக்கலாம். மருத்துவச் சீட்டில் டிஸோசியேட்டிவ் டிஸ்ஆர்டர் என்று எழுதுவார்கள். இங்கே மன விலகல் என்று சொல்லிக்கொள்வோம். நினைவு, தன்னுணர்வு, புலன் அனுபவம், உடலசைவு ஆகியவை ஒன்றோடொன்று பிணைந்தே ஓடுகின்றன. தாங்க முடியாத அச்சமோ நீடித்த துன்பமோ வரும்போது அந்தப் பிணைப்பு தளர்ந்துவிடுவதுண்டு. பிரெஞ்சு மருத்துவர் பியேர் ஜானே 1889இலேயே இதை விரிவாக எழுதிவிட்டார். இருந்தும் இந்த மூவரும் இன்றைக்கு உதவி தேடிக் கிளம்பினால், யாரிடம் போவது என்பதிலேயே தடுமாறிப்போவார்கள். பொது மருத்துவரா, நரம்பியல் நிபுணரா, மனநல மருத்துவரா, உளவியல் சிகிச்சையாளரா, அல்லது கொஞ்ச நாள் பொறுத்துப் பார்ப்பதா?

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மூவரும் ஒரே கதவைத் தட்டக் கூடாது. எந்தக் கதவைத் தட்டினாலும், பழைய நினைவுகளைத் தோண்டியெடுக்க அவசரப்படுகிறவரையும், மாத்திரையிலேயே எல்லாம் சரியாகிவிடும் என்கிறவரையும் நம்பி ஆண்டுக்கணக்கில் உட்கார்ந்துவிடக் கூடாது.

முதலில் இருப்பது எது?

முகம் ஒட்டாமல் போனவருக்கு இருப்பது, தன்னிலிருந்தோ உலகத்திலிருந்தோ அந்நியப்பட்டுப் போகும் வகை. இது பெரும்பாலும் பதின்பருவத்தில் தொடங்குகிறது. சராசரி வயது 16 என்கிறது அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் டி.எஸ்.எம். கையேடு. வாழ்நாளில் ஒருமுறையாவது இந்த உணர்வு சற்று நேரம் வந்துபோனவர்கள் பெரியவர்களில் ஏறத்தாழ பாதிப்பேர். அது நிலைத்துவிடுவது நூற்றில் ஒருவர் இருவருக்குத்தான். ‘எனக்குப் பைத்தியம் பிடிக்கப் போகிறது’ என்ற பயம் இவர்களை வாட்டும். உண்மையில் இவர்களின் புத்தி தெளிவாகவே இருக்கிறது. எல்லாம் கனவுபோல் தோன்றுகிறதே தவிர, இது கனவு இல்லை என்பதை அவர்கள் ஒருபோதும் மறப்பதில்லை.

நேரத்தைத் தொலைத்தவருக்கு இருப்பது மன விலகல் மறதியாக இருக்கலாம். அல்லது ஒரே ஆளுக்குள் இரண்டோ அதற்கு மேலோ தனித்த அடையாள நிலைகள் மாறி மாறிப் பொறுப்பேற்கும் வகையாக இருக்கலாம். பன்முக ஆளுமைக் கோளாறு என்று முன்பு அழைக்கப்பட்ட பின்னதன் அதிகாரபூர்வப் பெயர் 1994இல் மாறியது; இங்கே அதைப் பன்முக அடையாளச் சிக்கல் என்போம். திரைப்படங்கள் இதைக் குரலும் உடையும் மாறுகிற நாடகமாகக் காட்டுகின்றன. நிஜத்தில் இந்த நிலையில் இருப்பவர்கள் அதை மறைத்துவைக்கவே பாடுபடுகிறார்கள். தான் வாங்கியதாக நினைவில்லாத பொருள், தெரியாத ஆள் பெயர் சொல்லிக் கூப்பிடுவது, ‘நேற்று நீதானே சொன்னாய்’ என்ற பேச்சுக்குச் சிரித்துச் சமாளிப்பது ஆகியவைதான் அன்றாடம் தென்படும் அறிகுறிகள். சிறு வயதில் நீண்டகாலம் அனுபவித்த கொடுமை இவர்களில் பலருடைய வாழ்க்கைக் கதையில் இருக்கிறது.

வலிப்புப்போல் வருவதை உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலான ஐ.சி.டி.-11 மன விலகல் வரிசையில் வைக்கிறது; டி.எஸ்.எம். வேறு பிரிவில் வைக்கிறது. ஒரே ஆளுக்கு இரண்டு மருத்துவர்கள் இரண்டு பெயர் சொன்னால் அதற்காகக் கலங்க வேண்டியதில்லை.

பொறுத்துப் பார்ப்பது

இதைச் சோம்பேறித்தனம் என்று தள்ளிவிட முடியாது. தொடர்ந்து தூக்கம் கெட்டபின், பீதித் தாக்குதலுக்குப் பின், விபத்தோ சாவோ நேர்ந்த முதல் சில நாட்களில், கஞ்சா புகைத்தபின் வருகிற அந்நிய உணர்வு பெரும்பாலும் தானாகவே வடிந்துவிடும். தூக்கத்தைச் சரிசெய்து, போதைப்பொருளை விட்டு, நாளின் ஒழுங்கைக் காப்பாற்றிக்கொண்டு இரண்டு மூன்று வாரம் பார்க்கலாம். அதற்குள் குறையவில்லை என்றாலோ, வேலையும் படிப்பும் உறவும் பாதிக்கப்படத் தொடங்கினாலோ பொறுத்தது போதும்.

பொறுத்துப் பார்ப்பதில் ஒரு கண்ணி இருக்கிறது. இந்த அந்நிய உணர்வு, உற்றுப் பார்க்கப் பார்க்க வளரும். ‘இன்னும் இருக்கிறதா’ என்று மணிக்கொரு தரம் சோதித்துப் பார்ப்பவருக்கு அது இருந்துகொண்டேதான் இருக்கும். கண்ணாடி முன் நின்று முகம் ஒட்டுகிறதா என்று பார்ப்பது, இரவெல்லாம் இணையத்தில் அறிகுறி தேடுவது எல்லாம் இந்தச் சோதனையின் வேறு வேறு வடிவங்களே.

இணையத்தில் கிடைக்கும் வினாத்தாள்கள் பெரும்பாலும் 1986இல் வெளியான 28 கேள்விகள் கொண்ட மன விலகல் அனுபவ அளவுகோலையோ அதைத் தழுவியவற்றையோதான் பயன்படுத்துகின்றன. சராசரி மதிப்பெண் 30ஐத் தாண்டினால் நிபுணர் விரிவாகப் பேசிப் பார்க்க வேண்டும் என்பதுதான் அதன் பொருள். படத்தில் மூழ்கிவிடுவது, பகற்கனவில் தொலைந்துபோவது போன்றவையும் அந்தக் கேள்விகளில் இருப்பதால், கற்பனை வளம் மிக்கவர்களுக்கு மதிப்பெண் சற்று ஏறும். இந்த அளவுகோல் வெறும் சல்லடைதான்; சல்லடை எதையும் நிரூபிக்காது. இதே நிலையில் இருப்பவர்களின் இணையக் குழுக்கள் ‘நான் மட்டும் இல்லை’ என்ற பெரிய ஆறுதலைத் தருகின்றன. ஆனால் அடுத்தவர் கொடுமைக் கதையை விவரமாகப் படிப்பது, ஏற்கெனவே தளர்ந்திருக்கும் மனத்துக்கு நல்லதில்லை.

பொறுக்கவே கூடாத சந்தர்ப்பங்களும் உண்டு. தலையில் அடிபட்ட பிறகு தொடங்கியது, 40 வயதுக்கு மேல் முதன்முறையாக வந்தது, நேரம் காணாமல் போவது, உடலில் எப்படி வந்தது என்று தெரியாத காயங்கள், தன்னையே காயப்படுத்திக்கொள்வது, சாக வேண்டும் என்ற எண்ணம். கடைசி இரண்டில் ஒன்று இருந்தாலும் அருகிலுள்ள மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கு அன்றே, துணையோடு போக வேண்டும். பன்முக அடையாளச் சிக்கலுக்கு வெளிநோயாளியாகச் சிகிச்சை பெறுகிறவர்களில் 70 சதவீதத்துக்கும் மேற்பட்டோர் தற்கொலைக்கு முயன்றிருக்கிறார்கள் என்று டி.எஸ்.எம். குறிப்பிடுகிறது. கட்டுரையின் மீதிப் பகுதியைப் பிறகு படித்துக்கொள்ளலாம்.

பொது மருத்துவரும் நரம்பியல் நிபுணரும்

நேரம் தொலைகிறவர்களும் வலிப்புப்போல் வருகிறவர்களும் முதலில் போக வேண்டிய இடம் இதுதான். மனம்தான் காரணம் என்று எல்லோருக்கும் பட்டாலும் போக வேண்டும். இரத்தச் சர்க்கரை, தைராய்டு, குடிக்கும் மாத்திரைகள், போதைப்பொருள், பழைய தலைக்காயம் எல்லாம் இந்த அறிகுறிகளைக் காட்டக்கூடும். மூளையின் பொட்டுமடலில் எழும் கால்-கை வலிப்பும் அப்படியே. அது சில நொடிகளிலோ ஓரிரு நிமிடங்களிலோ முடியும், ஒவ்வொரு முறையும் அச்சு அசலாக ஒரே மாதிரி வரும். இல்லாத வாசனை வரும், வயிற்றிலிருந்து ஏதோ மேலெழும்பும், உதடு தானாகச் சப்புக்கொட்டும், முடிந்தபின் கொஞ்ச நேரம் குழப்பமாக இருக்கும். மன விலகலின் மங்கல் இதைவிட நீளமானது, ஒவ்வொரு முறையும் வேறு மாதிரி இருக்கும். ஆனாலும் வீட்டில் உட்கார்ந்து இதைப் பிரித்தறிய முடியாது.

மறதியிலும் இப்படி ஒரு வேறுபாடு இருக்கிறது. தற்காலிக முழு மறதி என்ற நரம்பியல் நிலை பெரும்பாலும் 50 வயதைக் கடந்தவர்களுக்கு வரும். ‘நாம் எதற்கு இங்கே வந்தோம்?’ என்று கேட்பார். பதில் சொன்னதும் தலையாட்டுவார். இரண்டு நிமிடத்தில் அதே கேள்வியை அதே தொனியில் திரும்பக் கேட்பார். தான் யார், பிள்ளைகள் பெயர் என்ன என்பதெல்லாம் நன்றாகத் தெரியும். புதிதாக எதுவும் பதியாது. 24 மணி நேரத்துக்குள் சரியாகிவிடும். மன விலகல் மறதியில் நிலைமை தலைகீழ். இப்போது சொன்னது பதியும், நேற்றுப் படித்ததும் நினைவிருக்கும். தன் வாழ்க்கையின் ஒரு பகுதிதான் காணாமல் போயிருக்கும். கூடவே வருகிறவர் இந்த இரண்டில் எதைப் பார்த்தார் என்று சொல்வது மருத்துவருக்கு ஒரு ஸ்கேன் அளவுக்கு உதவும்.

வலிப்புப்போல் வருகிறவர்கள் வீடியோ இ.இ.ஜி. என்ற சோதனையை வற்புறுத்திக் கேட்க வேண்டும். சாதாரண இ.இ.ஜி. எடுக்கும் அரை மணி நேரத்தில் வலிப்பு வராமலே போகலாம். வலிப்பு வரும் தருணத்தில் உடலையும் மூளை அலையையும் சேர்த்துப் பதிவுசெய்தால்தான் விடை கிடைக்கும். கண்கள் இறுக மூடியிருப்பது, தலை பக்கவாட்டில் ஆடுவது, வலிப்பு நீண்டுகொண்டே போவது ஆகியவை மன விலகல் வலிப்பைச் சுட்டும். அனுபவமுள்ள நிபுணர் இவற்றை வைத்து ‘இன்னது’ என்று உறுதியாகச் சொல்வார். ‘வேறொன்றும் இல்லை, அதனால் இது மனம்’ என்று தள்ளிவிடமாட்டார். இரண்டு வகையும் ஒருவருக்கே இருப்பதும் உண்டு என்பதால் வலிப்பு மாத்திரையைத் தானாக நிறுத்திவிடக் கூடாது.

இந்த வழியின் பலவீனம், சோதனை முடிந்தபின்தான் தெரியவரும். ‘எல்லாம் நார்மல், போய் நிம்மதியாக இருங்கள்.’ நடிக்கிறேன் என்று சொல்லிவிட்டார்கள் என்றுதான் நோயாளியின் காதில் அது விழுகிறது. சோதனை நார்மலாக இருப்பது நோய் இல்லை என்பதற்கு அத்தாட்சி ஆகாது. அடுத்து யாரிடம் போக வேண்டும் என்பதைக் கேட்டு, கடிதமும் வாங்கிக்கொண்டே அந்த அறையிலிருந்து கிளம்புங்கள்.

மனநல மருத்துவரா, உளவியல் சிகிச்சையாளரா?

பலர் தடுமாறும் இடம் இது. மனநல மருத்துவர் மருத்துவம் படித்தவர், மருந்து எழுதுவார், தேவையானால் மருத்துவமனையில் சேர்ப்பார். உளவியல் சிகிச்சையாளர் வாரந்தோறும் உட்கார்ந்து பேசுவார்.

மருந்தைப் பற்றிய உண்மையை ஒளிவுமறைவின்றிச் சொல்ல வேண்டும். மன விலகலையே குணமாக்கும் என்று அங்கீகரிக்கப்பட்ட மருந்து எதுவும் இல்லை. அந்நிய உணர்வுக்கு லாமோட்ரிஜின் என்ற வலிப்பு மருந்தை 2003இலும், ஃப்ளுவாக்ஸெட்டின் என்ற மனச்சோர்வு மருந்தை 2004இலும் கட்டுப்பாட்டு ஆய்வுகளில் சோதித்துப் பார்த்தார்கள். வெற்று மாத்திரையைவிட அவை மேலாக வேலை செய்யவில்லை. அதற்காக மருந்தே வேண்டாம் என்று ஆகிவிடாது. மன விலகல் தனியாக வருவது குறைவு. மனச்சோர்வு, பீதி, தூக்கமின்மை, அதிர்ச்சிக்குப் பிந்தைய மன அழுத்தம் ஆகியவற்றில் ஒன்றாவது கூடவே வரும், அவற்றுக்கு மருந்து நன்றாக வேலை செய்யும். மூன்று மாதம் சரியாகத் தூங்காத ஒருவரால் சிகிச்சை அமர்வில் என்ன கற்றுக்கொள்ள முடியும்?

இரண்டு மருந்து வகைகளில் மட்டும் எச்சரிக்கை வேண்டும். பதற்றம் தணிக்கும் பென்ஸோடயஸெபைன் வகை மாத்திரைகள் இன்றிரவு அமைதி தரும், ஆனால் சிலருக்கு அந்த மங்கலையே கூட்டிவிடும், பழக்கமும் ஆகிவிடும். ஏற்கெனவே எடுத்துக்கொண்டிருப்பவர்கள் சட்டென்று நிறுத்துவதும் ஆபத்துதான். மருத்துவர் மேற்பார்வையில் மெல்ல மெல்லவே குறைக்க வேண்டும். மற்றது, மனச்சிதைவுக்கான மருந்துகள். தலைக்குள் குரல் கேட்கிறது என்று சொன்ன உடனே மனச்சிதைவு என்று முடிவுகட்டப்பட்டு, மருந்தின் அளவு ஏறிக்கொண்டே போய், குரல்கள் மட்டும் அப்படியே இருப்பவர்களில் சிலருக்கு உண்மையில் இருப்பது பன்முக அடையாளச் சிக்கல். இந்தக் குரல்கள் பெரும்பாலும் சிறு வயதிலிருந்தே கேட்பவை, ஒன்றோடொன்று பேசுபவை. மற்றவர்களுக்கு அவை கேட்காது என்பதும் கேட்பவருக்குத் தெரியும். சரியான பெயர் கிடைப்பதற்குள் இவர்களில் பலர் ஐந்து ஆண்டுகளுக்கும் மேல் மருத்துவமனைகளுக்கு அலைந்துவிடுகிறார்கள். காரணம் திறமையின்மை என்றுகூடச் சொல்ல மாட்டேன். கால் மணி நேரச் சந்திப்பில், ‘உங்களுக்கு நேரம் தொலைந்துபோவதுண்டா?’ என்ற ஒற்றைக் கேள்வியை யாரும் கேட்பதில்லை. கேட்காத கேள்விக்கு வெட்கத்தோடு இருப்பவர் பதில் சொல்வதும் இல்லை.

என் தராசு இப்படிச் சாய்கிறது. தற்கொலை எண்ணம், தன்னைக் காயப்படுத்துதல், கடுமையான மனச்சோர்வு, மனச்சிதைவோ என்ற சந்தேகம் இருந்தால் மனநல மருத்துவர்தான் முதலில். அந்நிய உணர்வு மட்டும் இருந்து அன்றாட வேலைகள் நடந்துகொண்டிருந்தால், ஒரு பொது மருத்துவரின் சோதனைக்குப் பின் நேராக உளவியல் சிகிச்சையாளரிடம் போகலாம். நேரம் தொலைகிறது, அடையாளம் மாறுகிறது என்றால் இருவரும் வேண்டும், அவர்கள் ஒருவரோடொருவர் பேசிக்கொள்ளவும் வேண்டும். ஒருவர் கொடுக்கும் மருந்து அடுத்தவருக்குத் தெரியாமல் நடக்கும் இரட்டைச் சிகிச்சையைவிட, ஒரே நல்ல சிகிச்சையாளர் மேல்.

சமய நம்பிக்கை சார்ந்த ஆறுதலை நாடுகிறவர்களும் இருக்கிறார்கள். ஒரு சமூகம் ஏற்றுக்கொண்ட வழிபாட்டின் பகுதியாக வரும் மெய்ம்மறந்த நிலையை ஐ.சி.டி.-11 நோயாகக் கருதுவதில்லை. விரும்பாமல் வந்து, வாழ்க்கையைக் குலைத்தால்தான் நோய். நம்பிக்கை நிம்மதி தருமானால் அது சிகிச்சையோடு சேர்ந்தே இருக்கட்டும். அடிப்பது, பட்டினி போடுவது, கட்டிவைப்பது என்று யாராவது தொடங்கினால் அங்கிருந்து நோயாளியை வெளியே கொண்டுவருவதுதான் குடும்பத்தின் முதல் வேலை. ஏற்கெனவே அச்சத்தால் தளர்ந்த மனத்தின் மீது இன்னொரு அச்சத்தை ஏற்றுவது அது.

தோண்டுவதா, தரையில் நிற்பதா?

சிகிச்சையாளரைத் தேர்ந்தெடுத்தாயிற்று. இனி அவர் என்ன செய்யப்போகிறார் என்பது பெயர்ப்பலகையைவிட முக்கியம்.

ஒரு வழி, மறைந்த நினைவை வெளியே கொண்டுவந்தால் நோய் போய்விடும் என்று நம்புகிறது. அதற்கு ஹிப்னாஸிஸ், ஒரு காலத்தில் அரைமயக்கத்தில் ஆழ்த்தும் சோடியம் அமிட்டால் ஊசி. நாடகத்தன்மை இருப்பதால் கேட்பதற்கு நன்றாகவே இருக்கும். ஆனால் ஹிப்னாஸிஸில் வரும் நினைவு உறுதியாகத் தோன்றுமே தவிர உண்மையாகத்தான் இருக்கும் என்பதில்லை. 1980களிலும் 90களிலும் அமெரிக்காவில் இப்படி ‘மீட்கப்பட்ட’ நினைவுகளால் குடும்பங்கள் உடைந்தன, சிகிச்சையாளர்கள் மீது வழக்குகள் பாய்ந்தன. பன்முக அடையாளம் சிறு வயதுக் கொடுமையால் வருகிறதா, சூழலும் எதிர்பார்ப்பும் சேர்ந்து உருவாக்குகிறதா என்ற விவாதம் இன்னும் ஓயவில்லை. நோயாளியின் மனத்தில் நினைவுகளை விதைக்கக் கூடாது என்பதில் மட்டும் இரு தரப்பும் ஒன்று. ‘உங்களுக்கு நினைவில்லாவிட்டாலும் கட்டாயம் ஏதோ நடந்திருக்கிறது’ என்று சொல்கிறவரிடமிருந்து எழுந்து வந்துவிடலாம்.

மற்ற வழி மூன்று கட்டங்களாகப் போகிறது. முதலில் பாதுகாப்பும் நிலைப்படுத்தலும். பிறகுதான் அதிர்ச்சி நினைவுகள். கடைசியில் ஒருங்கிணைந்த வாழ்க்கை. சர்வதேச அதிர்ச்சி மற்றும் மன விலகல் ஆய்வுச் சங்கம் 2011இல் பெரியவர்களுக்காக வெளியிட்ட வழிகாட்டுதல் இதைத்தான் சொல்கிறது. வேர் ஜானேயிடமே இருக்கிறது. மெதுவான வழி. முதல் கட்டமே மாதக்கணக்கில், சிலருக்கு ஆண்டுக்கணக்கில் நீளும். பணமும் பொறுமையும் கரையும். ‘இன்னும் முக்கியமானதையே பேசவில்லையே’ என்ற எரிச்சல் கட்டாயம் வரும்.

ஆனால் அந்த முதல் கட்டத்தில் என்ன நடக்கிறது என்பதை ஒருமுறை பக்கத்தில் நின்று பார்த்தால் அவசரம் குறையும். பேசிக்கொண்டிருந்தவர் ஒரு சொல்லில் நின்றுவிடுகிறார். கண்கள் தரையின் ஒரு மூலையில் குத்திட்டுவிடுகின்றன. சிகிச்சையாளர் குரலை உயர்த்துவதில்லை, தொடுவதும் இல்லை. பெயரைச் சொல்லி, இன்று என்ன கிழமை, இது எந்த அறை என்று மெல்லச் சொல்கிறார். இரண்டு பாதங்களையும் தரையில் அழுத்தச் சொல்கிறார். குளிர்ந்த உலோகக் குப்பியை எடுத்துக் கையில் தருகிறார். அறையில் நீல நிறத்தில் இருப்பவை எவை என்று கேட்கிறார். பதில் வர வெகுநேரம் ஆகிறது. ‘திரைச்சீலை’ என்று ஒரு சொல் வருகிறது. பிறகு ‘உங்கள் பேனா’. கண்கள் மேலே வருகின்றன. அன்றைக்கு அந்தப் பழைய பேச்சுக்கு அவர்கள் திரும்பவில்லை. எந்தச் சொல்லில் பிடி தளர்ந்தது, அதற்கு முன் உடலில் என்ன தெரிந்தது என்று மட்டும் பேசுகிறார்கள். இதைத் தனியாகவே செய்யப் பழகியவர்தான் பிறகு நினைவுகளோடு உட்கார முடியும். பழகாதவரை நினைவுக்குள் தள்ளினால் அவர் மறுபடியும் அந்த மூலைக்கே போய்விடுவார், சிகிச்சையே இன்னோர் அதிர்ச்சியாகும்.

ஈ.எம்.டி.ஆர். போன்ற, கண்ணசைவைக் கொண்டு அதிர்ச்சி நினைவைக் கையாளும் முறைகள் அதிர்ச்சிக்குப் பிந்தைய மன அழுத்தத்துக்கு நன்றாகப் பயன்படுகின்றன. அந்த நோய் மட்டும் உள்ளவர்களுக்கு நீண்ட ஆயத்தக் கட்டம் தேவைதானா என்று ஆய்வாளர்களே கேள்வி எழுப்புகிறார்கள், அதில் நியாயம் இருக்கிறது. ஆனால் நேரம் தொலைகிற, அடையாளம் மாறுகிற ஒருவருக்கு ஆயத்தமின்றி அதைத் தொடங்குவதை நான் ஏற்கமாட்டேன்.

அந்நிய உணர்வு மட்டும் உள்ளவருக்கு மூன்று கட்டப் பயணம் பெரும்பாலும் தேவைப்படாது. அறிகுறியைப் பற்றிய பயத்தையும், அதை ஓயாமல் கண்காணிக்கும் பழக்கத்தையும், அதனால் தவிர்க்கும் இடங்களையும் குறிவைக்கும் அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை பொருத்தமானது. ஆய்வுகள் இன்னும் சிறியவைதான், ஆனாலும் கையில் இருப்பதில் அதுவே நல்லது. மன விலகல் வலிப்புக்கு இதே சிகிச்சையை 368 பேரிடம் சோதித்த ஆய்வு 2020இல் வெளியானது. நல்ல நரம்பியல், மனநலக் கவனிப்பு மட்டும் பெற்றவர்களோடு ஒப்பிட, ஓராண்டு முடிவில் மாத வலிப்பு எண்ணிக்கையில் திட்டவட்டமான வேறுபாடு தெரியவில்லை. வலிப்பு தரும் தொல்லை குறைந்து, அன்றாட வாழ்க்கை மேம்பட்டது. வலிப்பு நின்றுவிடும் என்று உறுதி தருகிறவரைவிட, வலிப்போடும் வெளியே போய்வரக் கற்றுத்தருகிறேன் என்பவரை நம்பலாம்.

பன்முக அடையாளத்தில் எல்லாம் ஒன்றாகிவிட வேண்டுமா, ஒத்துழைத்து வாழ்ந்தால் போதுமா என்ற கேள்வி நோயாளியுடையது. இரண்டையும் நல்ல முடிவாகவே வழிகாட்டுதல் ஏற்கிறது.

நேரிலா, திரை வழியாகவா?

அனுபவமுள்ளவர் அருகில் கிடைக்காதவர்களுக்குக் காணொளி அமர்வு ஒரு வரம். அந்நிய உணர்வு மட்டும் உள்ளவர்களுக்கு அது போதும். அமர்விலேயே விலகிப்போகிறவர்கள், தன்னைக் காயப்படுத்திக்கொள்கிறவர்கள் நேரில் போவதே நல்லது. குளிர்ந்த குப்பியைத் திரை வழியாகக் கையில் கொடுக்க முடியாது. வேறு வழியே இல்லையென்றால் நோயாளி இருக்கும் முகவரி, அவசரத்தில் கூப்பிட வேண்டிய ஒருவரின் எண், இணைப்பு அறுந்தால் என்ன செய்வது என்ற திட்டம் ஆகிய மூன்றும் முதல் நாளிலேயே பேசிவைக்கப்பட வேண்டும். நோயாளிக்குத் தொந்தரவு தருகிறவரே அந்த வீட்டில் இருந்தால், அந்த வீட்டிலிருந்து பேசுவதில் அர்த்தமில்லை.

முதல் சந்திப்பில் கேட்க வேண்டியவை

ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். எப்போது தொடங்கியது, எவ்வளவு நேரம் நீடிக்கிறது, அதற்கு முன் என்ன நடக்கிறது, குடிக்கும் மாத்திரைகள், தூக்கம். அமர்வின் நடுவே எல்லாம் மறந்துபோகிற நோய் இது என்பதால் தாள் உங்களுக்காகப் பேசும். வாழ்க்கைக் கதை முழுவதையும் முதல் நாளே சொல்ல வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை.

சிகிச்சையாளரிடம் மூன்று கேள்வி போதும். மன விலகல் உள்ளவர்களோடு வேலை செய்திருக்கிறீர்களா? நான் அமர்விலேயே விலகிப்போனால் என்ன செய்வீர்கள்? பழைய நினைவுகளுக்கு எப்போது போவோம்? முதல் கேள்விக்கு ‘இல்லை, ஆனால் தெரிந்தவரிடம் ஆலோசனை கேட்டுக்கொண்டு செய்கிறேன்’ என்பது கௌரவமான பதில். இரண்டாவதற்கு ‘அப்படியெல்லாம் ஆகாது’ என்பது மோசமான பதில். மூன்றாவதுதான் ஆளைக் காட்டிக்கொடுக்கும். ‘அடுத்த வாரமே’ என்பவரைவிட, ‘நீங்கள் தயாரானபின், நீங்கள் நிறுத்தச் சொன்னால் நிறுத்துவோம்’ என்பவரைத் தேர்ந்தெடுங்கள்.

கூடப் போகிற குடும்பத்தினருக்கும் ஒரு வேலை உண்டு. அறிகுறி வந்த நேரம், நீளம், பார்த்தது ஆகியவற்றைக் குறித்துவைத்தால் போதும். ‘இப்போது நீ யார்?’ என்று துருவுவதும், நினைவிருக்கிறதா என்று தேர்வு வைப்பதும் வேண்டாம்.

சில மாதங்களில் எதைப் பார்த்து முன்னேற்றம் என்பது? அந்நிய உணர்வு முற்றிலும் போய்விட்டதா என்று பார்க்காதீர்கள். அது வரும்போது பயம் குறைந்திருக்கிறதா, திரும்பி வர எடுக்கும் நேரம் சுருங்கியிருக்கிறதா, தொலையும் மணிகள் குறைந்திருக்கின்றனவா, காயப்படுத்திக்கொள்வது நின்றிருக்கிறதா என்று பாருங்கள். இவற்றில் எதுவுமே அசையவில்லை என்றால் அதை அமர்வில் வாய்விட்டுச் சொல்லுங்கள். நல்ல சிகிச்சையாளர் அதற்காகக் கோபித்துக்கொள்ளமாட்டார். வழியை மாற்றிப் பார்ப்பார், அல்லது வேறொருவரைப் பரிந்துரைப்பார். அப்படி மாறும்போது சிகிச்சைச் சுருக்கம் ஒன்றை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அடுத்த அறையில் எல்லாவற்றையும் முதலிலிருந்து சொல்ல வேண்டியிருக்காது.